மூக்கில் கிடக்கிற கல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடியில் ரோட்டோரப் பட்டறைகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்: "என்னா பொறுமை!" சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்களுக்கு முன்னால் நின்றாலும் அதே சொல். கன்னியாகுமரியில் படகிலிருந்து வள்ளுவரை அண்ணாந்து பார்க்கும்போதும் அதே சொல். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொறுமை பட்டறையில் எல்லாரிடமும்தான் இருக்கிறது. அம்மி கொத்துகிறவரிடமும் உண்டு, ஆட்டுரல் குடைகிறவரிடமும் உண்டு. நாலு மாதம் உட்கார்ந்து செதுக்கிய மோசமான சிலைகளும் உண்டு. பொறுமை ஒன்றே போதுமென்றால் அவையும் நல்ல சிலைகளாகியிருக்க வேண்டுமே. கூலிக்குக் கல்லுடைக்கிறவரின் பொறுமைக்கு முன்னால் எந்தச் சிற்பியின் பொறுமையும் நிற்காது. அப்படியானால் நல்ல சிலைக்கு முன்னால் நம்மைக் கையெடுக்க வைப்பது எது?

பட்டறையில் மூத்த ஆசான் பக்கத்தில் உளி பிடிக்கிற பையனிடம் ஒரு வார்த்தை சொல்வார். "மக்களே, மூக்குல கல்லு கெடக்கட்டும்." கேட்பதற்கு ஒரு தொழில் குறிப்பு, அவ்வளவுதான். பொறுமை என்று நாம் பாராட்டிவிட்டுப் போகிற இடத்தில் உண்மையாக இருப்பது இந்த வார்த்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல் குறைகிற விதம்

கருங்கல்லை வெட்டுவதாகச் சொல்கிறோமே தவிர, அது மரம்போல வெட்டுப்படுவதில்லை. நொறுங்குகிறது. கூர் உளியை ஏறக்குறைய நட்டுக்குத்தாகப் பிடித்து அடித்தால் நுனிக்குக் கீழே கல்லின் மணிகள் உடைந்து பொடியாகும். பொடியான இடத்துக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், அடியின் அதிர்ச்சி போய் நிற்கும். ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிடும். மேலே கொத்து வேலை நடக்கும்வரை அது தெரியாது. கடைசியில் தண்ணீர் விட்டு எமரிக் கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது கன்னத்திலோ தொடையிலோ வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெளியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் துலங்கும். ஒரு மாதத்துக்கு முன் அவசரத்தில் அடித்த அடி அது. அதனால்தான் மேற்பரப்பை நெருங்க நெருங்க அடி இலேசாக வேண்டும், சுத்தியலும் சிறிதாக வேண்டும். எல்லைக்கு அரை அங்குலம் இருக்கும்போதே கை தணிந்துவிடுகிறவர் கல்லைப் படித்தவர். எல்லைக்கு வந்தபிறகு தணிகிறவருக்கு அந்தப் புள்ளிகள் காத்திருக்கின்றன.

உளியைத் தயார் செய்வதிலும் இதே கணக்குதான். எஃகு உளியை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நுனியை மட்டும் அரை அங்குலம் தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும். நுனியை மணலில் உரசிப் பளிச்சென்று ஆக்கினால், தண்டில் மிச்சமிருக்கிற சூடு நுனியை நோக்கி நிறமாக ஓடி வருவதைப் பார்க்கலாம். முதலில் வைக்கோல் நிறம், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் நுனியைத் தொட்டதும் முழுசாகத் தோய்த்துவிட வேண்டும். முந்தினால் உளி கண்ணாடிபோல் ஆகி நுனி தெறிக்கும். தெறிக்கிற துண்டு கண்ணைத் தேடித்தான் போகும். பிந்தி நீலம் வந்துவிட்டால் நாலு அடியில் மழுங்கும். இப்போது கார்பைடு முனை வைத்த உளிகள் வந்து இந்தத் தோய்ச்சல் வேலையைக் குறைத்துவிட்டன. ஆனால் நிறம் ஓடி வருவதைக் கண் கொட்டாமல் பார்த்து, இந்த நொடி என்று நிறுத்தப் பழகிய பையன்களுக்கு அந்தப் பழக்கம் பிறகு கல்லிலும் உதவியது. அந்தப் பள்ளிக்கூடம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அளவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவன், திருமால் போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம் என்ற அளவுமுறை, அதாவது 124 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கிற ஸ்கேலில் இல்லை. சிலையின் மொத்த உயரத்தை 124 ஆகப் பங்கிட்டால் கிடைக்கிற ஒரு பங்குதான் அந்தச் சிலையின் அங்குலம். உச்சிக்கு 4, முகத்துக்கு 13½, கழுத்துக்கு 4, கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து மூலாதாரம் ஒவ்வொன்றும் 13½. கூட்டிப் பார்த்தால் 62, சரிபாதி. அதற்குக் கீழே தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. முகத்தின் அளவே உடம்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கலாம். தொடை இரண்டு முகம், கணைக்கால் இரண்டு முகம். இப்போது 62 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெருமாள் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு அங்குலம் 5 மில்லிமீட்டர். முகம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. முகத்தை மூன்றாகப் பிரித்தால் நெற்றிக்கு ஒரு பங்கு, கண்ரேகையிலிருந்து மூக்கு நுனிக்கு ஒரு பங்கு, அங்கிருந்து மோவாய்க்கு ஒரு பங்கு. ஒவ்வொன்றும் 22½ மில்லிமீட்டர். அந்த மூக்கில் ஒரு நூல் குறைந்தால், அதாவது கடை ஸ்கேலின் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைந்தால், அது வேறு ஒருவருடைய முகமாகிவிடும்.

மூக்கு பெரிது, கண் சிறிது

அதனால்தான் ஆசான் அப்படிச் சொல்கிறார். முகம் எடுக்கும்போது மூக்கை அளவைவிடப் பெரிதாகவும் கண்ணை அளவைவிடச் சிறிதாகவும் விட்டுக்கொண்டே வர வேண்டும். பெரிய மூக்கைச் சிறிதாக்கலாம், சிறிய கண்ணைப் பெரிதாக்கலாம். மாற்றிச் செய்தால் வழியில்லை. மூக்கு சிறுத்துவிட்டால், அதைப் பெரிதாகக் காட்ட முகம் முழுவதையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். கன்னம் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகும், உதடு போகும், நெற்றி போகும். முகம் உள்ளே போனதும் காது துருத்திக்கொண்டு நிற்கும். காதைத் தள்ளினால் கிரீடத்தின் விளிம்பு. ஒரு மூக்கைக் காப்பாற்றப் போய்த் தலை முழுவதும் தோளுக்குப் பொருந்தாமல் சிறுத்த சிலைகளைக் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

விரல்களிலும் இப்படித்தான். அபய கரத்தின் விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வேலை கடைசிக் கட்டத்துக்குத்தான் வரும். அதுவரை விரல்களுக்கு இடையிலும், கைக்கும் தோளுக்கும் இடையிலும் கல் பாலம் போலக் கிடக்கும். மற்ற இடங்களில் விழுகிற அடியின் அதிர்ச்சியை அந்தப் பாலம் வாங்கிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முதலிலேயே விரல்களைப் பிரித்துவிட்டால், பாதத்தில் வேலை செய்யும்போது எந்தக் காரணமும் இல்லாமல் சுண்டுவிரல் கீழே விழுந்து கிடக்கும். காரணம் இருக்கத்தான் செய்கிறது. காட்டிக்கொள்ளும் அவசரம்தான் அது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். கல்லை மிச்சம் வைப்பது வேறு, பயந்து நிறுத்துவது வேறு. பயந்த கை செய்த சிலையில் உதடு தடித்திருக்கும், கண்ணிமை உப்பியிருக்கும், விரல்கள் கையுறை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். உடையவில்லை, அளவும் தப்பவில்லை, ஆனால் உயிர் வரவில்லை. வைத்திருந்ததைச் செலவழிக்க வேண்டிய நாளில் செலவழிக்கவில்லை. பயந்த கையின் சிலையும் நல்ல சிலையும் ஒரு மாதம் முன்னால் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

மயிர்க்கோடு

இந்தத் தொழிலில் எல்லாரும் அஞ்சுகிற ஒரு கணம் உண்டு. வேலை முக்கால் பங்குக்கு மேல் முடிந்திருக்கும். முகம் எடுத்தாகிவிட்டது. தூசியைக் கழுவத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கல் காய்கிறது. நெற்றி காய்கிறது, கன்னம் காய்கிறது, ஆனால் இடது கண்ணுக்குக் கீழிருந்து மூக்கின் ஓரமாக ஒரு மயிர்க்கோடு மட்டும் ஈரமாக, கறுப்பாக நிற்கிறது. கல்லுக்குள்ளே ஓடிய கீறல். இத்தனை நாளும் உள்ளே இருந்தது, இன்றைக்கு மேலே வந்திருக்கிறது.

அந்த நேரத்தில் மூன்று வழிகள். முதல் வழி, கல்பொடியை அரால்டைட் பசையில் குழைத்துக் கோட்டில் தடவி, காய்ந்ததும் மெருகேற்றிவிடுவது. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவறைக்குப் போகிற சிலை எண்ணெயும் பாலும் குளிக்கிற சிலை. கல் எண்ணெயைக் குடித்து வருஷா வருஷம் கறுக்கும், பசை குடிக்காது. நாளடைவில் பெருமாளின் முகத்தில் வெளிறிய ஒரு கோடு எழும். பின்னமான மூர்த்திக்குப் பூஜை இல்லை என்பது விதி. இரண்டாவது வழி, கீறல் ஆழமில்லாமல் மேலோடிப் போனால், முகத்தைக் கீறலுக்குக் கீழே இறக்குவது. மூக்கில் கல் கிடந்தால்தான் இது முடியும். நாலைந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்திருந்தவர் தப்பிக்கிறார். முகத்தை முதலிலேயே முடித்துக் காட்டிவிட்டவர் மாட்டிக்கொள்கிறார். மூன்றாவது வழி, கல்லைத் தள்ளிவிட்டுப் புதுக்கல் எடுப்பது. இரண்டு மாதக் கூலி போயிற்று, கல்லின் விலை போயிற்று, கோயில்காரரிடம் கும்பாபிஷேக நாளைச் சொல்லி வாங்கிய முன்பணம் கழுத்தில் நிற்கிறது.

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறவரை நாம் வணங்குவோம், சரிதான். ஆனால் இந்தக் கணத்தை யோசிக்க யோசிக்க, நேர்மை என்று நாம் வணங்குவது இங்கே பிறப்பதில்லை என்று தெரிகிறது. முதல் நாளுக்குப் போக வேண்டும். கல் லாரியிலிருந்து இறங்கிய நாள். ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. மூன்று கன அடிக் கல்லைப் புரட்டவே மூன்று நான்கு ஆள் கடப்பாரையோடு வேண்டும். அன்றைக்குச் செய்ய வேண்டியது இரண்டு காரியம். கல்லை நன்றாக நனைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று அது காய்வதைப் பார்ப்பது. மற்ற இடமெல்லாம் வெளுத்தபிறகும் எந்தக் கோடாவது ஈரமாக நிற்கிறதா என்று பார்ப்பது. பிறகு புரட்டி அடுத்த பக்கத்துக்கும் அப்படியே. ஆறு பக்கமும் பார்க்க ஒரு பகல் ஆகும். அடுத்தது, சுத்தியலால் இங்குமங்கும் தட்டிக் கேட்பது. நல்ல கல் மணிபோல ஒலிக்கும். வெண்கல மணியின் ஒலி வந்தால் ஆண் கல், கைத்தாளத்தின் ஒலி வந்தால் பெண் கல் என்பது சாஸ்திரம். ஒரு மூலையில் மணியாக ஒலித்து இன்னொரு மூலையில் தொண்டை கட்டியதுபோல ஒலித்தால் நடுவில் ஏதோ இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கல் ஏற்கெனவே விலைக்கு வாங்கியாகிவிட்டது, லாரி வாடகை கொடுத்தாகிவிட்டது. "கொஞ்சம் மந்தமாத்தான் கேக்குது, பரவாயில்ல" என்று நினைக்க ஆயிரம் காரணம் இருக்கிறது. கேட்ட ஒலியைக் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாதவர்தான் பிறகு அந்த மயிர்க்கோட்டுக்கு முன்னால் நேர்மையாக நிற்க முடிகிறவர். பெரும்பாலும் அவர் அங்கே நிற்க வேண்டிய நிலையே வராது. வராததால் அவரை யாரும் பாராட்டுவதும் இல்லை. முகத்தில் கோடு விழுந்து கல்லைத் தூக்கிப் போட்டவரைப் பற்றிக் கதை பேசுவோம். முதல் நாளே மந்தமான கல்லை வாசற்படிக்கு ஒதுக்கியவரைப் பற்றி என்ன கதை பேசுவது?

எடுக்க எடுக்க இறங்கும் சுருதி

சுசீந்திரத்தின் இசைத்தூண்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். ஒரே கல்லில் திரளாகச் சின்னத் தூண்கள். ஒவ்வொன்றைத் தட்டினாலும் ஒவ்வொரு நாதம். இரு முனையும் பிணைந்து நிற்கிற ஒரு கல் தண்டை முழு நீளத்துக்கும் இழைத்து மெலிய வைத்தால் அதன் சுருதி இறங்கும். முனைகளில் இன்னும் குடைந்து தண்டின் நீளத்தைக் கூட்டினாலும் இறங்கும். வீணையின் தந்தியை முறுக்கேற்றுவதுபோலத் திரும்ப ஏற்ற அங்கே பிரடை கிடையாது. வேண்டிய சுருதிக்கு மேலேயே நின்று, தட்டிக் கேட்டு, கொஞ்சம் இழைத்து, மறுபடி கேட்டு, வந்து சேர வேண்டும். ஒரு கை தவறி ஒரு சுருதி கீழே போனால் அந்தத் தூண் அந்தச் சுருதிதான். ஒரே கல் என்பதால் பக்கத்துத் தூண்களை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றவும் முடியாது. கல் பாடுகிறதே என்று வியப்பதைவிட, சரியான இடத்துக்கு அரை இழை மேலே உளியை நிறுத்தி ஒருவர் காதைக் கொடுத்திருக்கிறாரே என்று வியக்கலாம்.

வள்ளுவர் சிலையில் இந்தக் குணம் வேறு உருவத்தில் இருக்கிறது. வை. கணபதி ஸ்தபதி வடித்த இந்தச் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமாகச் சேர்த்து 95 அடிச் சிலை, ஆக 133. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஏறக்குறைய 7,000 டன் கல், உள்ளே அடிமுதல் முடிவரை கூடு. இத்தனை கனத்தை நிறுத்துவதற்கு எளிய வழி நேராக நிறுத்துவது. ஸ்தபதி வள்ளுவரின் இடுப்பில் ஒரு மெல்லிய வளைவைக் கொடுத்தார். வளைவு கொடுத்த கல் ஒவ்வொன்றும் மேலே வருகிற பாரத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும். தலை மறுபடி பாதத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வளைத்திருந்தால் தூரத்திலிருந்து நாட்டியமாகியிருக்கும், கொஞ்சம் குறைத்திருந்தால் தூணாகியிருக்கும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் எழுந்து வந்தபோதும் அது நின்றது. நம் ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். எனக்கு அந்த இடுப்பு வளைவின் அளவு அதைவிடப் பெரிது.

மெஷினும் தூசியும்

மெஷின் வந்து கலையைக் கெடுத்துவிட்டது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நாலு அங்குல வைரத்தகடு போட்ட கிரைண்டரால் அரை நாள் கொத்து வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கலாம். வரிசையாகக் கீறல் போட்டு, நடுவில் நிற்கிற பலகைகளைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டால் பெரும்பகுதிக் கல் போய்விடும். முதுகெலும்பு பிழைக்கிறது, நல்லதுதான். ஆனால் தகடு வட்டம். கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள மூலை கூர்மையானது. வட்டத்தால் மூலைக்குள் முழுசாகப் போக முயன்றால் அது மூலையைத் தாண்டி இடுப்பில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் நிற்கும். மெஷினில் செய்த சிலையின் அக்குளிலும் முழங்கால் மடிப்பிலும் விரல் விட்டுப் பாருங்கள். எல்லை மீறிய அந்தக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் செய்தவர் யார் என்று தெரியும். மூலைக்கு ஒரு அங்குலம் முன்பே மெஷினை அணைத்துவிட்டு உளியை எடுக்கிறவர் இன்றைக்கும் இருக்கிறார். வேகம் கூடின அளவுக்கு நிறுத்தும் அறிவும் கூட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தப் பாராட்டு முழுசாகாது. கருங்கல் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பாது. ஆடி மாதம் வீசுகிற காற்றில் பட்டறைத் தூசி சுழன்று வரும். அனுபவசாலிகள் காற்றுக்குக் குறுக்கே பக்கவாட்டில் உட்கார்வார்கள், தகட்டில் தண்ணீர் சொட்ட விட்டுத்தான் அறுப்பார்கள், முகமூடியைக் கழுத்தில் தொங்க விடாமல் மூக்கில் போடுவார்கள். சிலைக்கு விலை பேசும்போது தண்ணீர் விட்டு அறுக்கிற பட்டறையாகப் பார்த்து நூறு ரூபாய் கூடக் கொடுப்பதும் கலையைப் போற்றுவதில் சேர்த்திதான்.

ஆட்களிடம்

நம் ஊரில் வேலித் தகராறு இல்லாத தெரு குறைவு. அரை சென்ட் தென்னந்தோப்புக்கு மூன்று தலைமுறை பேசாமல் இருப்பார்கள். அந்த மாதிரிப் பஞ்சாயத்தில், எதிராளியின் குடும்பத்தைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் அந்த நிமிடமே ஜெயித்துவிடலாம் என்ற நிலையில், அதைச் சொல்லாமல் எழுந்து போகிறவர் ஒருவர் இருப்பார். பத்து வருஷம் கழித்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கல்யாணப் பந்தலில் உட்கார இடம் இருக்கிறதென்றால் அன்றைக்கு அவர் மிச்சம் வைத்த கல்தான். அண்ணாச்சி ரொம்பப் பொறுமைசாலி என்று ஊர் சொல்லும். பொறுமை இல்லை அது. அவருக்குக் கோபம் எல்லாரையும்போல வந்தது. எடுத்தால் திரும்ப வைக்க முடியாதது எது என்று தெரிந்திருந்தது.

நல்ல ஆசான் பையனுடைய தவறைத் திருத்துவதும் இப்படித்தான். அவனுடைய உளியை வாங்கித் தானே நாலு அடி அடித்தால் சிலை சரியாகிவிடும். அவர் செங்காவியைத் தொட்டு ஒரு கோடு மட்டும் போடுவார். "இதுக்குமேல போவாதே." அவ்வளவுதான். கோடு வரை வந்து நிறுத்துவது பையனுடைய வேலை.

கடைசி வேலை ராத்திரியில் நடக்கும். பகலில் பட்டறை வெளிச்சம் மேலேயிருந்து விழும். கருவறையில் வெளிச்சம் அப்படி இல்லை. கீழே, முன்னால், எண்ணெய் விளக்கிலிருந்து மேல்நோக்கி வரும். பகலில் சாந்தமாகத் தெரிந்த முகம் அந்த வெளிச்சத்தில் கோபமாகத் தெரியலாம். மூக்கின் நிழல் நெற்றிவரை ஏறிவிடலாம். அதனால் இருட்டியபிறகு பட்டறை லைட்டை அணைத்துவிட்டு, சிலையின் பாதத்தருகே ஒரு விளக்கை ஏற்றி வைத்து, பூசாரி நிற்கிற தூரத்தில் போய் நின்று பார்க்கிறார்கள். விளக்கை இடமும் வலமும் நகர்த்துகிறார்கள். மூக்கின் இடப்பக்க நிழல் ஒரு இழை கூடுதலாக விழுகிறது. இத்தனை நாளும் வைத்திருந்த அந்த ஒரு மில்லிமீட்டரில் பாதியை இப்போது எடுக்க வேண்டும். அதற்கு உளி வேண்டாம். எமரித் துண்டைத் தண்ணீரில் நனைத்து, பெருவிரலால் அழுத்தி, நாலு தேய்ப்பு. துடைத்துவிட்டு மறுபடி விளக்கு. இன்னும் இரண்டு தேய்ப்பு. பெருமாள் இலேசாகச் சிரிக்கிறார். கை எமரியைக் கீழே வைக்கிறது.